டிரில் மாஸ்டரின் நேர்ச்சைத் தேங்காய்

நெல்லையப்ப பிள்ளை தேங்காயைக் கையிலெடுத்து விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டினார். பிடிக்கவில்லை. குவியலில் திரும்ப வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்தார். அதையும் தட்டினார். பழவங்காடிப் பிள்ளையார் கோயிலுக்கு எதிரே தேங்காய் விற்கும் மலையாளி வேலாயுதன் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

“சாரே, எல்லாம் நல்ல தேங்ஙாயாணு. ஏதெங்கிலும் ஒண்ணு எடுக்கணும்.”

“நல்லதுன்னா எப்படிவே? ஓடு சன்னமா இருக்கு. தொட்டா உடையும். பூஞ்சைத் தேங்காய எறிஞ்சு பேரு வாங்கவா நான் வந்திருக்கேன்? கெட்டியா ஒண்ணு எடும்.”

பத்தடி பின்னால் சிவகாமியம்மாள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முந்தானை முடிச்சில் டாக்டர் கொடுத்த மாத்திரை இருந்தது. புருஷன் சன்னமான ஓடுள்ள தேங்காயையே பொறுக்கக் கூடாதா என்று அவள் அந்தப் பிள்ளையாரிடமே வேண்டிக்கொண்டிருந்தாள். இத்தனைக்கும் காரணம் அவள் வாய்தான். அதை நினைத்து நினைத்து அவள் பாதியாக இளைத்திருந்தாள்.

பிள்ளைவாள் கோட்டைக்குள் ஒரு பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர். ஐம்பது வயதுக்கு மேல் முதுகு வளையாதவர்களை ஊரில் விரல் விட்டு எண்ணினால் கட்டைவிரல் அவருக்கு. காக்கி அரைக்கால் சட்டை, முழங்கால் வரை காலுறை, முறுக்கிய மீசை. மழை இல்லாத நாளிலும் கையில் குடை உண்டு. விரிக்க மாட்டார், துப்பாக்கி மாதிரி தோளில் சாய்த்துக்கொள்வார். ஸ்ரீவராகம் குளத்துக்குத் தெற்கே உள்ள அவருடைய சின்ன ஓட்டு வீட்டிலும் அதே சட்டம்தான். காபி வேண்டுமென்றால் ஒரு விசில், வெந்நீர் வேண்டுமென்றால் இரண்டு விசில். “நான் என்ன உங்க பள்ளிக்கூடத்துப் பயலா?” என்று சிவகாமியம்மாள் கேட்பாள். கேட்டுக்கொண்டே காபியைக் கொண்டுவந்து வைப்பாள்.

அவருக்கு மாரடைப்பு வந்ததும் டிரில் நேரத்தில்தான். நெஞ்சின் மேல் யாரோ அம்மியைத் தூக்கி வைத்தது போலிருந்தது. வலி இடது கை வழியாகச் சுண்டுவிரல் வரை இறங்கியது. எதிரே பையன்கள் அட்டென்ஷனில் நிற்கிறார்கள். அவர்களை அப்படியே நிற்கவிட்டு மாஸ்டர் விழலாமா? வேர்வையில் சட்டை முழுக்க நனைந்திருக்க, “டிஸ்மிஸ்!” என்று முழுக்குரலில் கத்திவிட்டு, பிறகுதான் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தாராம். இந்த இடத்தைச் சொல்லும்போது சிவகாமியம்மாளுக்குக் கண் கலங்கும். கழுத்து மட்டும் நிமிர்ந்தே இருக்கும்.

ஜட்கா வண்டியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். சாம்பல் பூத்த முகத்தைப் பார்த்தவுடன் அவள் வாசலுக்கு ஓடினாள். பழவங்காடி இருக்கும் திக்கைப் பார்த்துக் கும்பிட்டு, தெருவே கேட்க அலறினாள். “பிள்ளையாரப்பா! இவுகள எழுப்பிக் குடுத்திரு. இவுக கையாலயே ஒனக்கு நூத்தியொரு தேங்கா எறிய வைக்கேன்!”

நேர்ந்துகொள்ளும் அவசரத்தில் நாக்கு செய்த வேலை அது. ‘எறிய வைக்கேன்’ என்பதோடு விட்டிருந்தால் தம்பி தங்கப்பனை அனுப்பிக் காரியத்தை முடித்திருக்கலாம். ‘இவுக கையாலயே’ என்று ஒரு வார்த்தையைச் சேர்த்தாள். மாரடைப்பு வந்தவனின் கை!

அக்கிரகாரத்து டாக்டர் வெங்கடகிருஷ்ணன் கட்டிலோடு கிடக்க உத்தரவிட்டார். எழுந்து உட்காரக் கூடாது, கையைத் தூக்கக் கூடாது, சவரம்கூடத் தானாகச் செய்துகொள்ளக் கூடாது. “இருதயத்திலே ஒரு மூலை ரத்தமில்லாம வாடிப் போயிடுத்து, மாஸ்டர்வாள். அங்கே தழும்பு கட்டணும். மிச்சம் இருக்கறது அதோட வேலையையும் சேர்த்துப் பாக்கப் பழகணும். அதுக்கு நாளாகும்.”

மாஸ்டருக்கு இது நன்றாகவே விளங்கியது. வரிசையில் ஒரு பையன் வராவிட்டால் பக்கத்துப் பையன் நகர்ந்து அந்த இடத்தை அடைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதானே! மனுஷர் கட்டிலிலும் அட்டென்ஷனில்தான் படுத்திருந்தார். மனைவி கஞ்சியைக் கரண்டியால் ஊட்டியபோது மட்டும் கண்ணை இறுக மூடிக்கொண்டார். பார்க்காவிட்டால் நடக்கவில்லை என்று அர்த்தம் போலும்.

பேசலாம் என்று டாக்டர் அனுமதித்த அன்று அவர் முதலில் கேட்டது இதுதான்: “ஏட்டி, நூத்தியொண்ணுன்னா சொன்னே?”

சிவகாமியம்மாள் உத்தரக்கட்டையைப் பார்த்தாள். “தங்கப்பன் எறியுதேன்னு சொல்லுதான். கோயில்லயும் கேட்டாச்சு, குத்தமில்லையாம்.”

“என் கையாலன்னு நேந்துட்டுத் தங்கப்பன் கைய நீட்டினா, பிள்ளையாருக்கு என்ன கண்ணு தெரியாதா? சொன்ன சொல்லு சொல்லுதான், பாத்துக்கோ.”

“சொன்னது நாந்தான? நீங்க இல்லியே!”

“நீ சொன்னா என்ன, நான் சொன்னா என்ன?”

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. காப்பாற்று என்று கேட்டு வாங்கிய உயிரைக் கடன் தீர்க்கப் போய் அவரே விட்டுவிடுவாரோ என்ற பயம் அன்று அவளைப் பிடித்துக்கொண்டது. அப்புறம் அது விடவே இல்லை. டாக்டரிடம் ஓடி அவரைக் கையோடு அழைத்து வந்தாள். டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். “நூத்தியொண்ணா? அதுக்கு நேரா யமனுக்கே தந்தி அடிச்சிடலாமே!”

பிள்ளைவாள் அசரவில்லை. “ஒண்ணு எறியலாமா, டாக்டர்?”

“ஒண்ணா... இன்னும் கொஞ்ச நாள் போகட்டும். மெதுவா நடந்து பழகினப்புறம் ஒண்ணு எறியலாம்.”

“அப்பம் தினம் ஒண்ணு. எல்லாத்தையும் ஒரே நாள்ல எறியுதேன்னு இவ நேரலியே. நேர்ச்சையில தேதி இல்லை, கேட்டேளா?”

டாக்டர் சிரித்துவிட்டார். சிரித்தபடியே நிபந்தனை போட்டார்: கை தோளுக்கு மேல் போகக் கூடாது, வலி எட்டிப் பார்த்தால் அந்த நிமிஷமே உட்கார வேண்டும், நடக்கும்போது யார் தோளையாவது பிடித்துக்கொள்ள வேண்டும். முதல் இரண்டுக்கும் மாஸ்டர் தலையாட்டினார். மூன்றாவதைக் கேட்டதும் மீசை துடித்தது. “கோட்டைவாசல்ல, நம்ம பயலுக பாக்க, பெண்டாட்டி தோளப் பிடிச்சுக்கிட்டு நடக்கதுக்கு வேற ஆளப் பாரும்.”

முதல் நாள் அந்த நடையைப் பார்த்தவர்கள் இன்னும் மறக்கவில்லை. குடை கைத்தடியாகியிருந்தது. பத்மதீர்த்தக் குளக்கரையில் ஓர் உட்காரல், மணிக்கொரு தரம் ஆட்டுக்கடாப் பொம்மைகள் முட்டும் மணிக்கூண்டின் கீழே ஓர் உட்காரல். உதடு மட்டும் ‘லெஃப்ட், ரைட்’ என்று முனகியது. பின்னால் அவள், விழுந்தால் தாங்கிக்கொள்ளும் தூரத்தில், கையை நீட்டவும் முடியாமல் மடக்கவும் முடியாமல் வந்தாள். கோயில் வாசலில் அவர் இடுப்பளவில் கையை வீசித் தேங்காயை விட்டபோது கண்ணை மூடிக்கொண்டாள். ‘டொக்’கென்று கல்லில் பட்டு, உடையாமல் உருண்டு வந்து அவர் காலடியிலேயே நின்றது தேங்காய்.

“அய்யோ!” என்றான் வேலாயுதன். நேர்ச்சைத் தேங்காய் உடையாவிட்டால் அபசகுனம் என்பது அந்த வாசலில் நிற்கும் எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. வேறு யாரோ எடுத்து உடைக்க வந்தார். பிள்ளைவாள் குடையைக் குறுக்கே நீட்டித் தடுத்தார். “சாரமில்ல, பரவாயில்ல. எனக்கும் பிள்ளையாருக்கும் உள்ள சண்டை. நாளைக்குப் பாத்துக்கிடுதோம்.” அதே தேங்காயோடு வீடு திரும்பினார். மறுநாளும் அது உடையவில்லை. அதற்கு மறுநாள் உடைந்தது. அன்று வீட்டில் ஒரு விசில் கேட்டது. காபி கொண்டுபோன சிவகாமியம்மாள் சமையலறைக்குத் திரும்பி வந்து அடுப்படியில் உட்கார்ந்து மனசார அழுதாள். அத்தனை நாள் கேட்காத விசில் அது.

அப்புறம் தினமும் அதே பாதைதான். மழை கொட்டினாலும் போனார். மார் படபடத்தால் பாதியில் உட்கார்ந்து, திரும்பி வந்து, மறுநாள் போனார். முதலில் மணிக்கூண்டு நிறுத்தம் விட்டுப்போனது, பிறகு குளக்கரையும். இடுப்பிலிருந்து வீசிய கை மார்பளவுக்கு ஏறியது. பாவம் என்று வேலாயுதன் சன்னமான ஓடுகளாகப் பார்த்து ஒதுக்கி வைத்ததைக் கண்டுபிடித்துவிட்டு, அவனோடு இரண்டு நாள் பேசாமல் இருந்தார். குடை கைத்தடி உத்தியோகத்தை ராஜினாமா செய்து மறுபடி தோளுக்கு ஏறியது. டாக்டர் குழாயை நெஞ்சில் வைத்து ரொம்ப நேரம் கேட்டார். “தேவலையே! ஸ்கூலுக்குப் போகலாம். ஆனா கத்தப்படாது” என்றார்.

“கத்தாம என்னய்யா டிரில்?” என்று கேட்ட குரலிலேயே டாக்டருக்குப் பதில் கிடைத்துவிட்டது. கை தோளுக்கு மேல் போகலாம் என்ற அனுமதியையும் அன்றே வாங்கிக்கொண்டார்.

அப்படியாக, வேலாயுதனின் குவியலைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாரே, அந்தக் காலையில் அவர் பொறுக்கியது கடைசித் தேங்காய். கருங்கல் மாதிரி ஒன்று அகப்பட்டது. செருப்பைக் கழற்றிவிட்டு, மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். கை உயர்ந்தது. தோள், காது, தலை எல்லாவற்றையும் தாண்டி உயர்ந்தது. சிவகாமியம்மாள் இந்த முறையும் கண்ணை மூடிக்கொண்டாள். சத்தம் கேட்டுத் திறந்தபோது தேங்காய் சில்லுச் சில்லாகத் தெறித்துக் கிடந்தது. ஒரு சில்லு அவள் காலடி வரை வந்திருந்தது. “சபாஷ் சாரே!” என்று வேலாயுதன் கை தட்டினான். அவளுக்கும் தட்டத்தான் ஆசை. புருஷனைப் பெற்றவளே வந்து நின்றிருந்தாலும் அன்று அவளளவுக்குப் பூரித்திருக்க மாட்டாள்.

இருவரும் கோட்டைவாசல் பக்கம் திரும்பினார்கள். ஜட்காக்காரர்கள், சந்தைக்குப் போகிறவர்கள், புதிதாக ஓடத் தொடங்கியிருந்த சர்க்கார் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள், புத்தகப் பையோடு பள்ளிக்கூடப் பையன்கள் என்று வாசல் நிறைய ஜனம். பிள்ளைவாள் நின்றார். பின்னால் வந்தவள் பக்கத்தில் வரும் வரை காத்திருந்தார். அவள் வந்ததும் குடையை இடது கைக்கு மாற்றிக்கொண்டு வலது கையை அவள் தோளில் வைத்தார்.

அவளுக்கு உயிரே போய்விட்டது. கை தானாக முந்தானை முடிச்சுக்குப் போனது. “என்ன செய்யுது? நெஞ்சு வலிக்கா?”

“ஒண்ணும் செய்யல்லே. நீ நடட்டி.”

பையன்கள் ஒதுங்கி நின்று சல்யூட் அடித்தார்கள். குடை பிடித்த கையாலேயே மாஸ்டர் பதில் சல்யூட் வைத்தார். வலது கை அவள் தோளிலேயே இருந்தது.