அன்னப்பிள்ளையின் கன்னமும் தோட்டத்துப் புகையிலையும்

ஆசுப்பத்திரியின் பெண்கள் வாட்டில் மிஸியாக, அதாவது தாதியாக, நிற்பவளுக்கு நோயாளியைக் கவனிப்பது சின்ன வேலை. நோயாளியோடு கூட வரும் சுற்றத்தைச் சமாளிப்பதுதான் பெரிய வேலை. யாழ்ப்பாணத்து ஆசுப்பத்திரியில் வெள்ளைத் தொப்பி குத்திக்கொண்டு நின்ற சகோதரிகளுக்கு நான் சொல்வது விளங்கும். மற்றவர்களும் வாசியுங்கள், உங்களுக்கும் ஒரு சுற்றம் இருக்கத்தானே செய்யும். இது 1930களில் எங்களிடம் வந்த அன்னப்பிள்ளையின் சங்கதி. இணுவில் பக்கத்துத் தோட்டக்காரர் வினாசித்தம்பியின் மனைவி அவள்.

எங்கடை இலை

அன்னப்பிள்ளையின் இடது கன்னத்துக்குள் ஒரு புண். தை மாதம் வந்த புண்ணை ஆவணியில் கொண்டுவந்து காட்டினார்கள். அதுவரைக்கும் வீட்டில் பார்த்த வைத்தியம் என்ன தெரியுமா? பல் குத்தின புண் என்று சொல்லி, புண்ணின் மேலேயே புகையிலைத் துண்டை வைத்து அடக்கியிருக்கிறார்கள். ஏற்கெனவே வெற்றிலையையும் புகையிலையையும் அதே கன்னத்தில் அடக்கிக்கொண்டு நித்திரை கொள்கிற பழக்கம் அவளுக்கு. நோகுதோ என்று அவளைக் கேட்டேன். "அப்பிடிப் பெரிசா நோகேல்லை" என்று பதில் சொன்னவர் வினாசித்தம்பி. கன்னம் யாருடையது என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

எங்கள் டாக்குத்தர் அம்மா விரலால் தடவிப் பார்த்தார். புண்ணின் ஓரம் கல்லாக இருந்தது. ஒரு சிறு துண்டை வெட்டிக் கொழும்புக்குப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு, புற்றாக இருக்கலாம், இன்றோடு புகையிலையை விட்டுவிடவேண்டும் என்றார். வினாசித்தம்பிக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. தேங்காய்ப் பொச்சுமட்டையில் புகை போட்டுத் தாமே பதப்படுத்திய இலையைப் பழி சொன்னால் சும்மா இருப்பாரா? டாக்குத்தர் அம்மா அப்பால் போனதும் என்னிடம் நியாயம் கேட்டார்: "மிஸி, கடைப் புகையிலைதான் கூடாது. இவ போடுறது எங்கடை தோட்டத்து இலையல்லோ!"

முதலில் கலியாணம்

கொழும்பிலிருந்து பதில் வந்தது. புற்றுத்தான். கழுத்தில் இன்னும் கட்டி இல்லை, உடனே கொழும்புக்குப் போய்க் கன்னத்தில் ரேடியம் ஊசி வைத்தால் தப்பலாம், தாமதித்தால் ஒன்றும் செய்ய ஏலாது என்று டாக்குத்தர் அம்மா ஆறுதலாக, பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள். ஆட்டிவிட்டு வெளியே போய் வேப்பமரத்தடியில் மாநாடு கூடினார்கள்.

மகள் தங்கத்துக்கு அச்சுவேலியில் ஒரு மாப்பிள்ளை பேசி முக்கால்வாசி முடிந்திருந்தது. தாய்க்குப் புற்று என்று தெரிந்தால் மாப்பிள்ளை வீட்டார் ஓடிவிடுவார்களாம். போதாக்குறைக்கு ஆவணி போனால் புரட்டாதி, அது கலியாணத்துக்குக் கூடாத மாதமாம். நான் எனக்குத் தெரிந்த மட்டும் கத்தினேன். புற்றுக்கும் பஞ்சாங்கம் தெரியும், அது ஐப்பசி வரைக்கும் காத்திருக்கும் என்று நினைத்தார்களோ என்னவோ! வினாசித்தம்பியின் தமக்கை செல்லாச்சிதான் அந்த மாநாட்டுக்குத் தலைவி. அவ என் கையைப் பிடித்துச் சமாதானம் சொன்னா: "முதல்லை கலியாணம் முடியட்டும் மிஸி. நோய் வருத்தத்தை ஆறுதலாப் பாப்பம், அது எங்கை ஓடப்போகுது?"

சுகம் விசாரிக்க வந்தவர்கள்

அன்னப்பிள்ளையை வீட்டுக்கு விட்டால் திரும்பி வரமாட்டாள் என்று தெரிந்து டாக்குத்தர் அம்மா அவளை வாட்டிலேயே மறித்து வைத்தார். விடுவார்களா? ஒரு மாட்டுவண்டி நிறையச் சனம் வந்து இறங்கியது. கட்டிலைச் சுற்றி இருந்துகொண்டு, புற்று வந்து செத்தவர்களை ஊர் ஊராக நினைவுபடுத்தினார்கள். இன்னார் கடைசியில் தண்ணீரும் விழுங்காமல் போனார் என்பதை நடித்தே காட்டினாள் ஒருத்தி. அன்னப்பிள்ளை சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.

பேசிப் பேசி வாய் உலர்ந்ததும் மடியிலிருந்து ஓலைக் கொட்டப்பெட்டிகள் வெளியே வந்தன. வெற்றிலை, பாக்கு, புகையிலை எல்லாம் கைமாறின. செல்லாச்சி ஒரு நறுக்குப் புகையிலையோடு வெற்றிலையை மடித்து நோயாளியிடமும் நீட்டினா! நான் பாய்ந்து பறித்துச் சன்னலுக்கு வெளியே எறிந்தேன். செல்லாச்சிக்கோ நான் மரியாதை தெரியாதவள். "நாலு பேர் போடேக்கை அவவுக்கு மட்டும் குடுக்காமல் விட்டால் மனம் நோகாதே மிஸி?" என்றா.

கொக்குவில் ஸ்ரேசன்

மறுநாட் காலை வினாசித்தம்பி வந்தார். சாத்திரியார் கலியாணத்துக்கு ஐப்பசியில் நல்ல நாள் ஒன்று எடுத்துக் கொடுத்தாராம், அதுவரைக்கும் வீட்டில் எண்ணெய் பூசுவதாம், வண்டில் வாசலில் நிற்கிறதாம். அன்னப்பிள்ளை எழுந்து சேலையை உதறி உடுத்தாள். சரி, எல்லாம் முடிந்தது என்று நான் வெறுத்துப்போய் நின்றேன்.

அவள் வண்டிலில் ஏறினாள். ஏறி, கொழும்பு ரயிலைப் பிடிக்கக் கொக்குவில் ஸ்ரேசனுக்கு விடச் சொன்னாள். நேற்றைக்கே தன் தம்பியாருக்குச் சொல்லியனுப்பியிருக்கிறாள்; அவர் அங்கே காத்து நின்றாராம். வினாசித்தம்பி ஊர் என்ன சொல்லும், கலியாணம் என்னாகும் என்று கூப்பாடு போட்டார். இத்தனை நாளும் வாய் திறக்காத மனுஷி அந்தப் புண் வாயால் சொன்னதை நான் வாசலில் நின்று கேட்டேன்: "இஞ்சாருங்கோ, கலியாணத்துக்கு நான் உயிரோடை நிக்கவேணும். நீங்கள் போய் அந்த நல்ல நாளைக் காத்துக்கொண்டு இருங்கோ."

புற்றெண்டால் ஆள் தப்புமே?

ரேடியம் ஊசி தன் வேலையைச் செய்தது. கன்னம் உள்ளே இழுத்துக்கொண்டது, வாய் முழுதாகத் திறவாது. அதற்கென்று டாக்குத்தர் அம்மா சொல்லிக்கொடுத்தபடி தினமும் வாயைத் திறந்து மூடிப் பழகினாள். குழையச் சோறு தின்றாள், தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்தாள், மகளின் கலியாணத்தில் முன்னுக்கு நின்றாள். புகையிலையைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் வாட்டுக்குள் வரும் நாளெல்லாம் எனக்குத் திருநாள்.

கலியாணம் எப்படி நடந்தது என்கிறீர்களா? அன்னப்பிள்ளை கொழும்புக்குப் போனது பல் பிடுங்க என்று அச்சுவேலியில் சொல்லிவிட்டார்கள். சொன்ன பொய்யைப் பிறகு சொன்னவர்களே நம்பத் தொடங்கிவிட்டார்கள். அடுத்த வருஷம் தங்கம் பிள்ளைத்தாய்ச்சியாகத் தாயோடு வந்தாள். அவள் இடது கன்னம் புடைத்திருந்தது. துப்பு என்றேன். புகையிலையேதான். எனக்கு வந்த கோபத்தில், அம்மாவைப் பார்த்துமா என்று கத்தினேன். "அம்மாவுக்கு வந்தது பல்லு வருத்தம் மிஸி. புற்றெண்டால் ஆள் தப்புமே?" என்று சிரித்தாள் அவள்.

அன்னப்பிள்ளை மகளைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். திறவாத வாயால் மெல்லச் சொன்னாள்: "நான் செத்திருந்தால் என்ரை பிள்ளை நம்பியிருப்பாள், மிஸி."

எங்கள் தொழிலில் நோயாளி செத்தால் ஆசுப்பத்திரி கொன்றுவிட்டது, தப்பினால் நோயே இருக்கவில்லை, அவ்வளவுதான்.