சக்கரத்தில் வைத்த பொட்டு

மகள் பிரசவத்துக்கு வந்தபோது அவளுடைய பெட்டிகளோடு மாப்பிள்ளையின் மோட்டார் சைக்கிளும் தச்சநல்லூருக்கு வந்தது. வள்ளியூரில் அவர்கள் வீட்டில் வண்டி நிறுத்தக் கூரை கிடையாது. எங்கள் வீட்டு முன்புறத்தில் உண்டு. அவர் மஸ்கட்டுக்கு வேலைக்குத் திரும்ப வேண்டியிருந்தது. வண்டியின் சக்கரங்கள் இரண்டும் அலுமினியம். மேலே இருந்த கறுப்புப் பெயிண்டை உரித்துவிட்டு, வண்ணார்பேட்டையில் ஒரு பட்டறையில் கொடுத்து, முகம் தெரியும்படி பாலிஷ் போட்டு வைத்திருந்தார். புறப்படும் நாளில் என்னை அருகில் அழைத்துக் காட்டினார்.

“சோப்புத் தண்ணி மட்டும் போதும் மாமா. ஈரத்த அப்பமே தொடச்சிருங்க. மாசத்துக்கு ஒருக்க மெழுகு. வேற ஒண்ணும் மேல படப்பிடாது. பெயிண்ட் இல்லாத அலுமினியம், சட்டுன்னு அரிச்சுக் குழி விழுந்துரும். விழுந்துட்டா ஒண்ணும் செய்ய முடியாது.”

பக்கத்தில் நின்ற மகளிடம், “ஒங்கப்பா கையில குடுத்துட்டம்லா, இனிமே எனக்குக் கவலை இல்ல” என்றார். அந்த வாக்கியத்தை நான் பல நாள் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

எதையும் முறையாகச் செய்கிறவன் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயர் எனக்குப் பிடிக்கவும் செய்யும். ஞாயிறு காலை, வெயில் ஏறுமுன் வண்டியைக் கழுவுவேன். போர்த் தண்ணீர் காய்ந்தால் வெள்ளையாக உப்புப் பூக்கும் என்பதால், ஆற்றுத் தண்ணீர் குழாயில் வரும்போது அதற்கென்று ஒரு வாளி பிடித்து வைப்பேன். பிரேக் தேய்ந்து படியும் கறுப்புத் தூசியைப் பழைய பனியன் துணியால் இடுக்கு இடுக்காக எடுப்பேன். எதிர்வீட்டு அண்ணாச்சியின் வண்டிச் சக்கரத்தில் சேறு காய்ந்து கிடப்பதைப் பார்த்து, இப்படியா ஒரு வண்டியை வைத்திருப்பது என்று அவரிடமே கேட்டிருக்கிறேன்.

ஆயுத பூஜை வந்தது. வண்டிக்குப் பொட்டு வைக்காமல் விட முடியாது. அதுவும் பிள்ளை பிறந்திருக்கும் வீடு. கடைக் குங்குமத்தில் சாயம் இருக்கும், அலுமினியத்தில் கறை பிடிக்கும் என்று யோசித்தேன். மஞ்சளையும் வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பையும் நானே குழைத்தேன். நல்ல சிவப்பு வந்தது. சக்கரத்தின் விளிம்பில், ஒரே இடைவெளி விட்டு, ஓரத்திலிருந்து ஒரே தூரம் இருக்கும்படி ஸ்கேல் வைத்து அளந்து, மோதிர விரலால் பொட்டு வைத்தேன்.

பூஜையில் வைத்த பொட்டை நாமாகத் துடைப்பதில்லை. அது தானாக உதிர வேண்டும். அதனால் பிறகு வந்த ஞாயிறுகளில் பொட்டுகளை விட்டுவிட்டு, அவற்றைச் சுற்றிக் கழுவினேன், சுற்றித் துடைத்தேன். பொட்டில் பட்ட ஈரம் பொட்டிலேயே நின்றது. அவை ஐப்பசியும் கார்த்திகையும். கொடியில் போட்ட துண்டே காயாத மாதங்கள்.

சுண்ணாம்பு அலுமினியத்தைத் தின்னும் என்பது எனக்குத் தெரியாததல்ல. சுண்ணாம்பு டப்பாவை அலுமினியத் தட்டில் வைக்காதே என்று வீட்டில் நானே சொன்னதுண்டு. பூஜை என்றதும் அது நினைவுக்கு வரவில்லை.

மார்கழிக் கடைசியில் போன் வந்தது. பொங்கலுக்கு மாப்பிள்ளை வருகிறார். சம்பந்தியும் அவர் மனைவியும் கூட வந்து மகளையும் குழந்தையையும் அழைத்துப் போவார்கள். அன்றைக்கே ஈரத்துணியால் பொட்டுகளைத் துடைத்தேன். சிவப்பு போயிற்று. அடியில் வட்டம் வட்டமாகச் சாம்பல் நிறம். நகத்தை வைத்து இழுத்தேன், நகம் மாட்டியது. பாலிஷ் வாங்கிவந்து தேய்த்தேன். சுற்றியிருந்த இடம் இன்னும் பளபளத்தது. குழிகள் இன்னும் கறுத்துத் தெரிந்தன.

எதிர்வீட்டு அண்ணாச்சி தெருவைக் கடந்து வந்து குனிந்து பார்த்தார்.

“என்னவே, வீலுக்கு அம்மை போட்டிருக்கு?”

“பொட்டு வச்ச எடம், அண்ணாச்சி.”

“ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தீரு. இப்ப ஒம்ம வீலுக்கு வேப்பிலை கட்டணும் போலுக்கே!” சிரித்து முடித்துவிட்டுக் குரலைத் தணித்தார். “மழையில நனைஞ்சிட்டுன்னு சொல்லிரும்வே. அவருக்கு என்ன தெரியப்போவுது?”

அப்படியே சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன். அடுப்படியில் மனைவியிடம் சொல்லிப் பார்த்தேன்.

“மழை என்ன, ஸ்கேல் வச்சு அளந்தா பெய்யுது?” என்றாள்.

மறுபடி போய்ப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. சக்கரத்தைச் சுற்றி ஒரே இடைவெளியில், ஒரே அளவில், என் விரல்நுனியின் அச்சு. இந்தத் தெருவில் வேறு யாரும் செய்திருக்க முடியாத வேலை. அந்தப் பொய்யை விட்டுவிட்டேன்.

அவர்கள் வந்த அன்று மாப்பிள்ளை குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டே வண்டியின் உறையை விலக்கினார். குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு குழியின் மேல் கட்டைவிரலை வைத்துப் பார்த்தார். அடுத்ததிலும் வைத்தார். பிறகு நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது.

சம்பந்தி பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, “என்னலே இது, புள்ளி புள்ளியா?” என்றார்.

“சாரல் அடிச்சிருக்குப்பா. இந்த வருசம் மழை சாஸ்தி. அதுக்கு மாமா என்ன செய்வாவ?”

நான் விட்டுவிட்ட பொய்யை அவர் எனக்காக எடுத்துச் சொன்னார். நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியதுகூடத் தெரிந்தது.

சம்பந்தி விடவில்லை. “என்ன சம்பந்தி, நீங்க பாத்துக்கிடுவீயன்னுலா விட்டுட்டுப் போனான். மழையிலயா போட்டிய?”

“ஒரு சொட்டு மழை பட விடல!” என்று கத்திவிட்டேன். “நான் அப்படிப்பட்ட ஆளா? பொட்டு வச்சேன், சுண்ணாம்பு அரிச்சிட்டு. அளந்துலா வச்சிருக்கேன், நல்லாப் பாருங்க!”

சம்பந்தியின் மனைவி காபி டம்ளரைப் பிடித்தபடி நின்றுவிட்டார். மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு குழந்தையின் முதுகைத் தட்டிக்கொடுத்தார். தன் அப்பா முன்னால் அவரைப் பொய்யராக்கிவிட்டேன். என் வாயிலிருந்து உண்மை வந்தது நேர்மையால் அல்ல. கவனமில்லாதவன் என்று ஒருவர் சொன்னது பொறுக்கவில்லை, அவ்வளவுதான். பொய்யிலே சுகமாக நின்றுகொண்டிருந்தவன், என் பெயருக்கு ஒரு கீறல் என்றதும் அவரைக் காட்டிக்கொடுத்தேன்.

“இருக்கட்டும் மாமா,” என்றார் அவர். “சாமிக்குத்தான வச்சீய.”

மறுநாள் காலை மகளும் குழந்தையும் சம்பந்திகளோடு காரில் ஏறினார்கள். மாப்பிள்ளை வண்டியை எடுத்தார். “மஸ்கட் போகையில வண்டிய இங்கனயே கொண்டாந்து விடுங்க மாப்பிள்ளை” என்றேன்.

“ஒங்களுக்கு எதுக்கு மாமா செரமம்? ஊருலயே ஒரு ஷெட்டு போட்டுருதேன்.” சிரித்த முகத்தோடுதான் சொன்னார்.

வண்டி பைய நகர்ந்தது. புள்ளிகள் ஒவ்வொன்றாக மேலே வந்து கீழே போயின. தெருமுனையில் பக்கவாட்டில் திரும்பி வேகம் எடுத்தபோது அவை ஒன்றாகச் சேர்ந்து, ஒரு மங்கல் வளையமாகத் தெரிந்தன. கொஞ்சமும் கோணல் இல்லாத வளையம். எதிர்வீட்டு வாசலில் நின்று அண்ணாச்சியும் அதைப் பார்த்தார். ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் உள்ளே போய்விட்டார்.

அடுத்த ஞாயிறு குழாயில் தண்ணீர் வந்ததும் பழக்கத்தில் ஒரு வாளி பிடித்து வைத்துவிட்டேன். மனைவி பார்த்தாள். அதை எடுத்துப்போய்ச் செடிகளுக்கு ஊற்றினாள்.