பூதிகோட்டை சாலையில் பானகப் பொடி போட்ட பீப்பாய்

அன்று அந்தக் கல் கிடங்குக்குள் இருந்தவர்கள் ஐந்து பேர்: நான், என் தம்பி குமரேசன், தம்பி மகள் பவித்ரா, அவளுடைய முதலாளி கிரண், எங்களை ஏற்றிக்கொண்டு வந்த ஆட்டோக்காரர் மஞ்சுநாத். வேறு யாரும் இல்லை. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். அங்கே நான் செய்த காரியம் இப்போது சொந்தக்காரர்கள் வீடுகளில் நாலு விதமாக உலாவுகிறது. கண்ணால் பார்த்தவர்கள் இந்த ஐந்து பேர்தான்.

போன காரணத்தைச் சொல்கிறேன். பவித்ரா பெங்களூரில் பீர் காய்ச்சும் ஒரு சிறிய ஆலைக்கு வேலை செய்கிறாள். ஆலை அங்கே, அவள் வேலை மட்டும் கோலார் தங்கவயலில். பூதிகோட்டை போகிற சாலையில், முன்பு பட்டுக்கூடு வைத்திருந்த கல் கிடங்கு ஒன்றை முதலாளி வாடகைக்கு எடுத்து, ஒயின் இருந்த பழைய ஓக் மரப் பீப்பாய்களை அதில் வைத்திருக்கிறார். காய்ச்சிய பீரை அவற்றில் ஊற்றி, மசாலா சேர்த்து, பால் தயிராகிற மாதிரி மாதக்கணக்கில் தானாகப் புளிக்க விடுவார்கள். அனுமதியெல்லாம் முறையாக இருக்கிறது. பீப்பாய்களைப் பார்த்துக்கொள்வது பவித்ரா.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்று வெளியூர்க்காரர்களுக்குச் சட்டென்று புரியாது. சுரங்கம் மூடியதிலிருந்து தங்கவயலில் பாதிப் பேர் விடியுமுன் ரயில் ஏறி பெங்களூருக்கு வேலைக்குப் போய், இருட்டிய பிறகு திரும்புகிறார்கள். குமரேசனும் அப்படித்தான், அங்கே ஒரு மருந்துக் கிடங்கில் வேலை. ஞாயிற்றுக்கிழமையில் மட்டும்தான் தன் வீட்டை வெயில் வெளிச்சத்தில் பார்க்கிறான். அவன் மகளோ சொந்த ஊரிலேயே, சாப்பிட்டுவிட்டுக் கிளம்பி, விளக்கேற்றுவதற்குள் வீட்டுக்கு வந்துவிடுகிறாள். அது நிலைக்குமா என்பது, இதுவரை நிரப்பியிருந்த ஒரே ஒரு பீப்பாயில் வந்து நின்றது.

ஆவணி பிறந்த வாரம் பவித்ரா போன் செய்தாள். "அத்தை, பீப்பாய்ல ஒரு மருந்து வாசனை அடிக்குது. மரம் கெட்டுப்போச்சோன்னு சார் சந்தேகப்படறாரு. ஞாயித்துக்கிழமை வந்து பார்த்துட்டு, சரியில்லன்னா கொட்டிட்டு கிடங்கையே காலி பண்ணிடலாம்னு சொல்றாரு. அப்புறம் நானும் அப்பாகூட ட்ரெயின்தான். உங்க பொடிதானே அதுல போட்டேன். நீங்க குடிக்க வேணாம், வந்து மோந்து மட்டும் பாருங்க."

என் பொடி என்றால் பானகப் பொடி. போன வருஷம் ராமநவமிக்குப் பெருமாளுக்கு அரைத்ததில் பாதியை அவளுக்குக் கொடுத்திருந்தேன். சுக்கு, மிளகு, ஏலக்காய், கிராம்பு, கொஞ்சம் ஜாதிக்காய். பீருக்கு என்று தெரிந்துதான் கொடுத்தேன், மனம் முழுக்க ஒப்பவில்லை. ஆனால் குழந்தை வாய்விட்டுக் கேட்டாள், சுக்கும் மிளகும் நான் கொடுக்காவிட்டால் கடையில் கிடைக்கும்.

சனிக்கிழமை காலை காட்பாடியில் பெங்களூர் போகிற ரயிலைப் பிடித்தேன். முன்பதிவு இல்லாத டிக்கெட் பங்காரப்பேட்டைக்கு எழுபத்தைந்து ரூபாய், சுமார் நூற்று அறுபது கிலோமீட்டர். ஜோலார்பேட்டை தாண்டியதும் ஜன்னல் காற்று மாறிவிடுகிறது. குப்பம் பக்கம் மலைகளின் இடுப்பில் மேகம் சுற்றிக்கொண்டிருந்தது. தக்காளிச் செடிகளுக்கு நட்ட குச்சிகள் வரிசை வரிசையாக நடந்து வந்து, ரயிலைப் பார்த்துவிட்டு நின்றுவிட்டது போல இருந்தது. நான் விழித்திருந்தேனா கண்ணயர்ந்தேனா என்று இப்போது சொல்லத் தெரியவில்லை.

பங்காரப்பேட்டையில் இறங்கி மாரிகுப்பம் ரயிலுக்கு மாற வேண்டும். பத்து ரூபாய் டிக்கெட். இந்த ரயில் போகிற வேகத்தில் ஓரத்து நீலகிரி மரங்களை எண்ணலாம். கோரமண்டல், உரிகம், சாம்பியன் என்று நிலையங்கள் ஒவ்வொன்றாக வந்து போயின. சுரங்க மண்ணைக் கொட்டிய சைனைட் மேடுகள் சாம்பல் வெள்ளையில், மழை ஓடிய கோடுகளோடு, பெரிய மிருகங்கள் படுத்துக் கிடப்பது போலத் தெரிந்தன. மாரிகுப்பத்திலிருந்து ஆண்டர்சன்பேட்டையில் தம்பி வீட்டுக்கு ஆட்டோ எண்பது ரூபாய்.

அன்று சாயங்காலமே பங்காரு திருப்பதிக்குப் போய்வந்தேன். ஆட்டோ போகவர ஐந்நூறு. அங்கே பெருமாளை நேராக நின்று பார்க்க முடியாது. சன்னல் துளைகள் வழியாகத்தான் சேவிக்க வேண்டும். ஒரு துளையில் கண் தெரிந்தது, இன்னொன்றில் துளசி மாலை. பவித்ரா பெயரைச் சொல்லி வேண்டிக்கொண்டேன். பீப்பாய் என்று சொல்லக் கூச்சமாக இருந்தது, "அவள் வேலை" என்று மட்டும் சொன்னேன். தீர்த்தம் கொடுத்தார்கள். அதன் மணம் வீடு வரும்வரை உள்ளங்கையில் இருந்தது.

ஞாயிறு காலை நான் எழுந்தபோது குமரேசன் குளித்து, சட்டை போட்டு, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தபடி தூங்கிக்கொண்டிருந்தான். தலை மட்டும் ரயிலில் ஆடுவது போல மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. காபியை வைத்துவிட்டுப் பவித்ரா சொன்னாள். "லீவு நாள்லயும் அப்பா உடம்பு ட்ரெயின்லதான் போய்க்கினு இருக்கு அத்தை." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

கிடங்குக்கு மஞ்சுநாத்தின் ஆட்டோவில் போனோம். ஆண்டர்சன்பேட்டையிலிருந்து சுமார் பதினெட்டு கிலோமீட்டர், காத்திருந்து திரும்பக் கொண்டுவந்து விட அறுநூறு ரூபாய் என்று முதலிலேயே பேசிக்கொண்டேன்.

"யக்கா, நீங்க பீர் பாக்கவா வந்தீங்க? நெத்தில நாமம் பளிச்சுனு கீது," என்றார் அவர்.

"பார்க்கத்தான் வந்தேன், குடிக்க இல்ல," என்றேன்.

"எங்கப்பாவும் மைன்ஸ்ல ஷிப்ட் முடிச்சு வரப்போ அப்படித்தான் சொல்வாரு. கடையைச் சும்மா பாத்துட்டு வரேன்னு."

குமரேசன் சிரித்த சத்தத்தில் முன்னால் போன ஆடுகள் ஒதுங்கின. நந்திதுர்க் பக்கம் பழைய சுரங்க ஷாஃப்ட் ஒன்றின் இரும்புக் கோபுரம் பனிக்குள் பாதி நின்றது, மீதியைக் காணோம். அதன் பிறகு ராகி வயல், ஏரிக்கரை, மறுபடி ராகி வயல்.

கிடங்குக்குள் நுழைந்ததும் கண் இருட்டிற்று, மூக்கு விழித்துக்கொண்டது. ஈர மரம், பழம் கனிந்து வெடித்த வாசனை, எங்கோ ஒரு மூலையில் ஊறுகாய் ஜாடி திறந்தது போன்ற புளிப்பு. மேலே சின்ன ஜன்னல் வழியாக ஒரு பட்டை வெயில் வந்து ஒரே ஒரு பீப்பாயின் மேல் படிந்திருந்தது. யாரும் சத்தமாகப் பேசவில்லை. ஏனோ செருப்பை வாசலிலேயே விட்டிருந்தேன்.

கிரண் ஏற்கெனவே வந்திருந்தார். சின்ன வயசுதான், மரியாதை தெரிந்தவர். கன்னடக்காரர், தமிழை நிறுத்தி நிறுத்திப் பேசுவார். "இதுதான்மா அந்த பேரல். ஆஸ்பத்திரி மாதிரி வாசனை. பவித்ரா நல்லா பாத்துக்கறாங்க, அவங்க தப்பு இல்ல. ஆனா கெட்டுப்போனதை நான் விக்க முடியாது."

இந்தப் பீப்பாய்களுக்குக் குழாய் கிடையாது. முகப்பில் ஒரு எஃகு ஆணி அடித்திருப்பார்கள். ருசி பார்க்க வேண்டுமானால் குறடால் ஆணியைப் பிடுங்க வேண்டும். நூல் போல ஒரு தாரை வளைந்து விழும். கிளாஸில் பிடித்துக்கொண்டு ஆணியைத் திரும்பச் செருகிவிடுவார்கள். பவித்ரா ஆணியைப் பிடுங்கினாள். தேன் நிறத்தில் தாரை விழுந்தது. ஒரு கிளாஸ் நிறைத்து முதலாளியிடம் கொடுக்கத் திரும்பினாள். அந்த ஒரு நொடியில் மணம் என்னிடம் வந்தது.

அதன் பிறகு நடந்தது என் யோசனையில் நடக்கவில்லை. முந்தானையை இடது கையில் விரித்து, அதன் மேல் வலது கையைக் குழித்து, தாரைக்கடியில் நீட்டிவிட்டேன். உள்ளங்கை நிறைந்தது. "கோவிந்தா" என்று சொல்லி உறிஞ்சி, ஈரக் கையை உச்சந்தலையில் தடவிக்கொண்டேன்.

முதலில் நாரத்தங்காய்ப் புளிப்பு, கண்ணைச் சுருக்க வைத்தது. பிறகு சுக்கு மெதுவாகச் சூடேறியது. பிறகு மரம், மழையில் நனைந்த தேர்ச் சக்கரம் போல. எல்லாம் இறங்கிய பிறகு, தொண்டைக்குப் பின்னாலிருந்து குளிர்ந்த ஒன்று மேலே ஏறி நெற்றியில் போய் நின்றது. கிடங்கின் சுவர்கள் கொஞ்சம் தள்ளிப்போனது போல இருந்தது. நான் முந்தின நாள் சன்னல் துளைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன்.

"அக்கா," என்றான் குமரேசன், "இன்னா பண்ணிட்ட?"

அப்போதுதான் எனக்கே தெரிந்தது. பவித்ரா அவசரமாக ஆணியைச் செருகினாள். மஞ்சுநாத் கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தார். நான் செய்ததைப் பார்த்து அவருக்கும் கை தானாகப் போயிருக்க வேண்டும்.

"பச்சைக் கற்பூரம்டி," என்றேன் பவித்ராவிடம். "மரம் கெடல. நான் போட்ட பச்சைக் கற்பூரம்."

"லிஸ்ட்ல நீங்க அதைச் சொல்லவே இல்லியே அத்தை. சுக்கு, மிளகு, ஏலக்காய், கிராம்பு, ஜாதிக்காய். அவ்ளோதானே எழுதிக்கினேன்?"

சொல்லியிருக்க மாட்டேன். அது எனக்குச் சாமான் இல்லை. மளிகைக் கணக்கை ஒரு ரூபாய் விடாமல் எழுதுகிறவள் நான். ஆனால் பெருமாளுக்கு அரைப்பதில் கடைசியாகக் கண்ணை மூடி, நாமம் சொல்லி, இரண்டு விரலால் கிள்ளிப் போடுவது பச்சைக் கற்பூரம். விளக்கேற்றுவது போல அது ஒரு செயல். அன்று பாகம் பிரிப்பதற்கு முன்பே போட்டுவிட்டேன். சாமி பங்கில் பாதி, பீப்பாய்க்குள் போய்விட்டது.

பவித்ரா கன்னடத்தில் எடுத்துச் சொன்னாள். கிரண் கிளாஸைக் கீழே வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு ஒரு வாய் குடித்தார். வெயில் பட்டை நின்ற இடத்துக்குப் போய், முதுகைக் காட்டிக்கொண்டு, இன்னொரு வாய். பவித்ரா குறடை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். குமரேசன் மகளைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தெரியாம குடிச்சா மருந்து," என்றார் கிரண் கடைசியில். "தெரிஞ்சு குடிச்சா வேற. கொட்ட வேணாம்."

குமரேசன் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. ஆனால் அவர் முடிக்கவில்லை. ஒரே ஒரு பீப்பாயை வைத்துக்கொண்டு கிடங்கு நடத்த முடியாது, இதே போல இன்னொன்று வர வேண்டும் என்றார். பச்சைக் கற்பூரம் கொஞ்சம் கூடினாலும் உடம்புக்கு ஆகாது என்பதால், எத்தனை கிராம் என்று எழுத்தில் வேண்டும். வருகிற சனிக்கிழமை அடுத்த பீப்பாயை நிரப்ப வேண்டும். எண் கிடைத்தால் கிடங்கு இருக்கும், இல்லாவிட்டால் மாதக் கடைசியோடு சாவியைக் கொடுத்துவிடுவார்.

"ஒரு சிட்டிகைன்னு எழுதினா?" என்று கேட்டேன்.

"யாரோட சிட்டிகைன்னு கேப்பாரு அத்தை," என்றாள் பவித்ரா.

திரும்பும் வழியில் மஞ்சுநாத் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "பாக்க மட்டும்தான் வந்தேன்னீங்க யக்கா." நாக்கின் அடியில் இன்னும் அந்தக் குளிர்ச்சி இருந்தது. ராகிக் கதிர்கள் அசைவது சத்தமில்லாமல் நடந்தது. தப்பு செய்தேனா என்று யோசித்தேன். தீர்த்தம் என்று கை நீட்டியதைப் பெருமாள் வேறாக எடுத்துக்கொள்ள மாட்டான் என்று தோன்றியது. இனிமேல் குடிக்க மாட்டேன். பொடி அரைத்துக் கொடுப்பேன். இந்த முறை சாமிக்கு என்று இல்லாமல், வேறு நாளில், கடையில் புதிதாக வாங்கிய கற்பூரத்தில். சர்க்கரைப் பொங்கலிலும் லட்டிலும் விழுகிற சாமான்தானே அது.

காட்பாடிக்கு வந்ததும் நகை நிறுக்கும் சின்னத் தராசு ஒன்று முந்நூற்றைம்பது ரூபாய்க்கு வாங்கி, கிள்ளிக் கிள்ளிப் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு கிள்ளலும் ஒவ்வொரு எடை. பக்கத்தில் தராசு இருக்கிறது என்று தெரிந்ததும் விரல் கூச்சப்படுகிறது. கண்ணை மூடினால், எண்ணைப் பார்க்க எப்போது திறக்கலாம் என்றே மனம் நிற்கிறது, நாமத்தில் நிற்கவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: கிடங்கை வெளியாட்களுக்கு இப்போது திறப்பதில்லை, தங்கவயலும் பங்காரு திருப்பதியும் எப்போதும் போகலாம். காட்பாடியிலிருந்து காலை ரயிலே நல்லது, மாரிகுப்பம் ரயிலின் நேரத்தைப் பங்காரப்பேட்டையில் இறங்கியதும் கேட்டுக்கொள்ளுங்கள், தவறவிட்டால் வெகுநேரம் உட்கார வேண்டும். ஆட்டோவில் போகவரப் பேசும்போது காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்துப் பேசுங்கள். ஆவணியிலும் சால்வை தேவைப்படும். சாப்பாடு தம்பி வீட்டில் என்பதால் அந்தச் செலவு என்னிடம் இல்லை. காட்பாடியிலிருந்து போய்த் திரும்ப, தராசைச் சேர்க்காமல், எனக்கு ஆனது ஆயிரத்து நானூற்று முப்பது.

இனி என் விஷயம். இதைப் படிக்கிறவர்களில் கோயில் மடப்பள்ளியில் பானகம் கரைக்கிறவர்கள் இருப்பீர்கள், உங்கள் வீட்டில் யாராவது இருப்பார்கள். பெரிய அளவில் செய்பவர்கள் நிறுத்துத்தான் போடுவீர்கள் என்று நினைக்கிறேன். ஒரு கிலோ வெல்லத்துப் பானகத்துக்குப் பச்சைக் கற்பூரம் எத்தனை கிராம்? குன்றிமணிக் கணக்கில் சொன்னாலும் சரி, நான் மாற்றிக்கொள்கிறேன். புரட்டாசி பிறந்துவிட்டால் இதில் கை வைக்க மாட்டேன்; அதற்கும் முன்னால் இந்தச் சனிக்கிழமை இருக்கிறது. தெரிந்தவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் கீழே எழுதுங்கள்.