சோம்பல் அல்ல, அசதி

செவ்வாய்க்கிழமை காலை பிரிக்ஃபீல்ட்ஸில் தோசைக்குக் காத்திருந்தபோது வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. பரமேஸ்வரி அக்கா போய்விட்டார். கிள்ளானில் அவரோடு டயாலிசிஸுக்கு உட்கார்ந்தவர்களுக்கும், அவர் ஓட்டிய பள்ளி வேனில் போனவர்களுக்கும் அவருடைய வாய் தெரியும். அந்த வாயிடம் நான் மாட்டிக்கொண்டதை மட்டும் சொல்கிறேன்.

சிறுநீரக நோயில் அடுத்து எதை ஆராய்வது என்று முடிவு செய்யும் குழுவில் நான் அலுவலர். அவர் நோயாளிகளின் பிரதிநிதி. எந்தத் தொல்லை முக்கியம் என்று நோயாளிகளிடமே கேட்கக் கேள்வித்தாள் தயாரித்தோம். தமிழாக்கம் என்னுடையது. மலாய்த் தாள்களில் முன்னால் நின்ற ஒரு தொல்லையைத் தமிழில் யாருமே தொடவில்லை. கூட்டிப் பார்த்ததில் அது பட்டியலை விட்டே விழுந்தது. தமிழர்களுக்கு அது ஒரு பிரச்சினையே இல்லை போலும் என்றார் குழுத் தலைவர்.

அக்கா தமிழ்த் தாளை வாங்கிப் படித்தார். ‘அசதி’ என்று இருக்கவேண்டிய இடத்தில் நான் ‘சோம்பல்’ என்று எழுதியிருந்தேன்.

“ஏம்மா, நான் சோம்பேறின்னு யாராச்சும் டிக் பண்ணுவாங்களா? மெஷின விட்டு எழுந்தா பஸ் படி ஏற முடியல. அது சோம்பலா?”

எனக்கு முகம் எரிந்தது. அடுத்த சுற்றில் திருத்திக்கொள்ளலாம் என்றார் தலைவர். அடுத்த சுற்றுக்குச் சில வருடங்கள் ஆகும்.

“அப்ப நான் இருப்பேன்னு யாரு சொன்னா? திரும்பக் கேளுங்க. அது வரைக்கும் என் கையெழுத்து கிடையாது லா.”

அவர் கையெழுத்தில்லாமல் பட்டியல் மேலே போகாது. குழுவிலிருந்த படித்தவர்கள் கெஞ்சினார்கள், பிறகு கோபித்தார்கள். அவர் பேனாவை மூடிப் பையில் போட்டுக்கொண்டார். எனக்கு அன்று அவர்மேல் எரிச்சல்தான். அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

கடைசியில் குழு இறங்கிவந்தது; திருத்திய தாளோடு கிள்ளானிலிருந்து செலாயாங் வரை டயாலிசிஸ் மையம் மையமாக அக்காவும் நானும் அலைந்தோம். அக்கா மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்துவிடுவார். உதவிக்குக் கை நீட்டினால் முறைப்பார். ஒரு லோரி ஓட்டுநர் ‘அசதி’ என்ற சொல்லைப் பார்த்து, இதையெல்லாம்கூடக் கேட்பார்களா என்று கேட்டுவிட்டு டிக் போட்டார். அசதி பட்டியலில் ஏறியது. அக்கா கையெழுத்துப் போட்டார்.

நேற்று அடுத்த கூட்டத்தின் அழைப்பு வந்தது. முதலில் அக்காவுக்கு ஒரு நிமிட மௌனம். அதற்கடுத்து, அசதி ஆய்வைத் தள்ளிவைப்பது பற்றி.

அவருடைய பிடிவாதத்தை நான் எடுத்துக்கொண்டேன். மௌனத்துக்கு எல்லோரும் எழுந்து நிற்பார்கள். அந்த ஒரு நிமிடமும் நான் பேசுவேன்.