கம்பியில் வைத்த சந்தனம்

பொம்மனஹள்ளியில் ஒரு சின்னப் பட்டறையில் நான் ஃபிட்டர். எட்டாவதோடு படிப்பு நின்றது, கைவேலை முருகன் கொடுத்தது. போன வருஷம் முதலாளிக்குத் தெரிந்த டீச்சர் ஒருவர் வந்தார். ரைபிள் கிளப்பில் போட்டிக்குச் சுடுகிறவர். தோளில் ஆபரேஷன் ஆகியிருந்தது. சுடும்போது துப்பாக்கி பின்னால் உதைக்கிற உதை பாதியாகக் குறைந்தால்தான் இனிமேல் சுடலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். முதலாளி அதற்கு, துப்பாக்கியின் பின்கட்டையில் மாட்டுகிற ஒரு ரப்பர் மெத்தை செய்தார். உதை எவ்வளவு குறைகிறது என்று அளக்கிற ஸ்டாண்டு என் பொறுப்பு.

தோளுக்குப் பதில் ஒரு இரும்புத் தகடு. உதை பட்டதும் அது இரண்டு கம்பிகளில் வழுக்கிப்போய் ஸ்பிரிங்கை அமுக்கும். எதுவரை போனது என்று ஸ்கேலில் ஒரு முள் நின்று காட்டும்.

கிளப்பில் டீச்சர் தன் துப்பாக்கியை அதில் பூட்டி, தள்ளி நின்று கயிற்றை இழுத்தார். மெத்தை இல்லாமல் முள் எட்டில் நின்றது. அடுத்தது எங்கள் மெத்தை. பட்டறைச் சாமான் முதல்முதலாக ஓடும்போது பொட்டு வைக்காமல் நான் விட்டதே இல்லை. எல்லோரும் டீ குடிக்கக் கிளம்பினார்கள். நான் முருகனை வேண்டிக்கொண்டு மெத்தை, தகடு, கம்பி என்று ஒன்று விடாமல் சந்தனம் குழைத்துத் தாராளமாக வைத்தேன். அவர்கள் திரும்பி வந்து சுட்டால் முள் இரண்டு!

முதலாளி என் முதுகில் தட்டினார். டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. இப்போதே தோளில் வைத்துச் சுடுகிறேன் என்று துப்பாக்கியைக் கழற்றினார். நான் கும்பிட்டபடி தகட்டைப் பார்த்தேன். ஸ்பிரிங் தானாகத் திருப்பித் தள்ளியிருக்க வேண்டிய தகடு, போன இடத்திலேயே நின்றது. வெயிலில் காய்ந்த சந்தனம் கம்பியில் இறுகிப் பிடித்திருந்தது.

டீச்சர் பக்கம் ஓடினேன்.

"டீச்சர், சுடாதீங்க. உதையைப் பிடிச்சது மெத்தை இல்ல, நான் வச்ச சந்தனம்."

டீச்சர் சிரித்தார் பாருங்கள், துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். மெத்தையை விட்டுவிட்டு இனி சந்தனமே விற்கலாம் என்று முதலாளி கிண்டல் செய்தார். கம்பியைத் துடைத்து எண்ணெய் விட்டுச் சுட்டோம். முள் ஐந்து. பாதி ஆகவில்லை.

முதலாளி ரப்பரில் இன்னொரு அடுக்கு சேர்த்தார். அடுத்த ஞாயிறு போனால், டீச்சரே சந்தனக் கிண்ணத்தோடு நிற்கிறார்.

"ஸ்டாண்டு காலுக்கு மட்டும், அண்ணா."

காலுக்கு மட்டும் வைத்தேன். முள் மூன்றரை. தகடு சட்டென்று திரும்பி வந்தது. அப்படியும் மூன்று தடவை கையால் தள்ளிப் பார்த்த பிறகுதான் தலையாட்டினேன். டீச்சர் தோளில் வைத்துச் சுட்டார். தோளை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, திரும்பாமலே அடுத்த குண்டுக்குக் கையை நீட்டினார்.