விரத நாளின் குளுக்கோஸ்

இரண்டு வருடங்களுக்கு முன் மகளுக்கு மூச்சுத்திணறல் வந்தபோது, மாதாமாதம் சஷ்டி விரதம் இருப்பதாக முருகனிடம் வேண்டிக்கொண்டேன். டாக்டர் இன்ஹேலரும் கொடுத்தார். எதனால் குணமானது என்று தெரியாததால் இரண்டில் எதையும் விட எனக்குத் துணிவில்லை.

அன்று சஷ்டி. காலையில் குடித்த பாலோடு சரி. மூன்று மீட்டிங்கை முடித்துவிட்டு, பள்ளியிலிருந்து அவளை ஏற்றிக்கொண்டு கோயிலுக்குக் காரோட்டினேன். மறுநாள் அவளுக்கு சயின்ஸ் டெஸ்ட். பின்சீட்டில் படித்துக்கொண்டு வந்தாள்.

"பிளான்ட் செல் சன்லைட்ல குளுக்கோஸ் பண்ணும். அனிமல் செல்லால முடியாது. ஸோ, இட் ஹாஸ் டு ஈட்."

"மைட்டோகாண்ட்ரியா ரெண்டுலயும் உண்டு. செடியும் தான் பண்ணின குளுக்கோஸை உடைச்சுதான் எனர்ஜி எடுக்கும். மறந்துடாதே."

"அம்மா, நீ இன்னிக்கு சாப்பிடல. உன் செல்லுக்கு எங்கேர்ந்து குளுக்கோஸ்?"

"கல்லீரல்ல கொஞ்சம் சேத்து வெச்சிருக்கும். அது தீர்ந்தா கொழுப்பு."

"ஓ, தென் யூ ஆர் ஃபைன். நெறைய இருக்கு."

சிரித்தேன். சிரிக்கவும் களைப்பாக இருந்தது. அடுத்த சிக்னலில் அவள் சத்தமே இல்லை. கண்ணாடியில் பார்த்தால் தலையை ஜன்னலில் சாய்த்திருந்தாள்; உதடு வெளுத்திருந்தது.

"என்னடா கண்ணா?"

"டிஸியா இருக்கு. நானும் சாப்பிடலம்மா. ஃபாஸ்ட் எனக்காகத்தானே? நானும் பாதி பண்ணா உனக்கு டயர்ட் ஆகாதுன்னு..."

பச்சை விழுந்தும் நகராமல் நின்றேன். பின்னால் ஹாரன் அடித்தார்கள். பக்கத்திலிருந்த மருந்துக்கடை பார்க்கிங்கில் காரை நிறுத்தி அவள் லஞ்ச்பாக்ஸைத் திறந்தேன். நான் கட்டிக்கொடுத்த எலுமிச்சை சாதம் அப்படியே இருந்தது. ஸ்பூனை நீட்டினேன். வாயை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"யூ ஃபர்ஸ்ட்."

இன்னும் பத்து நிமிடத்தில் கோயில். தரிசனம் முடித்தால் விரதம் முழுதாகும். பாதியில் முறித்தால் மறுபடி மூச்சிரைப்பு வருமோ என்று பயந்தேன். அவள் கை சில்லிட்டிருந்தது.

நான்தான் முதலில் சாப்பிட்டேன். பிறகு அவள். பாதி டப்பா காலியானதும் வாய் நிறையச் சோற்றோடு மறுபடி மைட்டோகாண்ட்ரியாவை ஒப்பிக்க ஆரம்பித்தாள். நான் செய்தது சரியா என்று இன்றும் தெரியவில்லை. அன்று கோயிலுக்குப் போகாமல் காரை வீட்டுக்குத் திருப்பினேன்.