தொலைந்ததை அறிவிக்கும் மன்றம்

2009 மே மாதத்தின் மூன்றாம் ஞாயிறு. காலை எட்டரை மணிக்கு டென்மார்க்கின் ஹோர்சன்ஸ் புகையிரத நிலையத்தின் முன்னால் பஸ் வந்து நின்றது. உள்ளூர் வரலாற்றுச் சங்கத்தின் சுற்றுலா: "நமது கிராமப்புறத்தின் பழைய நீதிமன்றங்கள்." ஆளுக்கு நூற்றெண்பது குரோனர், காப்பியும் கேக்கும் சேர்த்து. பஸ் நிறையப் பென்சனியர்கள். தலைமயிர் கறுப்பாக இருந்தவர்கள் நானும் என் மனைவியின் தம்பி ரவியும்தான். அதிலும் என்னுடையது மை.

வன்னியில் கடைசி யுத்தம் நடந்துகொண்டிருக்கும்போது நீதிமன்றம் பார்க்கப் போன விசரன் யார் என்று கேட்பீர்கள். நான் போகவில்லை, வீட்டிலிருந்து துரத்தப்பட்டேன். என் அண்ணையும் அண்ணியும் பிள்ளைகளும் ஏப்ரலில் வெளியே வந்துவிட்டதாக ஒரு கதை. அதற்குப் பிறகு சத்தமில்லை. நான் தொலைபேசியை எடுத்துப் பார்ப்பதும், அது வேலை செய்கிறதா என்று ரவிக்கு அடித்துப் பார்ப்பதுமாக ஒரு மாதம். கடைசியில் மனைவி சொன்னாள்: "உங்களாலை வீட்டிலை ஒருத்தரும் மூச்சு விடேலாமல் கிடக்கு. ஃபோன் வந்தால் நான் எடுக்கிறன். கிர்ஸ்டன் கூப்பிட்டவ எல்லே, போட்டு வாங்கோ."

கிர்ஸ்டன் எங்கள் பக்கத்து வீட்டுக்காரி, ஓய்வுபெற்ற ஆசிரியை, சங்கத்தின் தலைவி. பஸ்ஸில் ஏறும்போதே என் கையிலிருந்த பிளாஸ்டிக் பையைப் பார்த்தாள். "சாப்பாடா?" "ஓம்" என்றேன். உள்ளே கடவுச்சீட்டு, குடியுரிமைப் பத்திரம், விவாகப் பதிவு, போன மாதச் சம்பளத் துண்டு. நீதிமன்றம் என்றால் கேட்பார்கள்தானே? மூடிய கட்டடம் என்று மூளைக்குத் தெரியும். கைக்குத் தெரியாது.

"அத்தான், கேக் தின்னப் போறதுக்கு விவாகப் பதிவு என்னத்துக்கு?" என்றான் ரவி.

"உன்ரை அக்காவை நான்தான் கட்டினது எண்டு ஆரும் நம்பாட்டில்?"

"அக்காவே நம்பிறேல்லை."

மேற்கே இருபது கிலோமீற்றர் போனால் பிரேட்ஸ்ட்ரூப். அதையும் தாண்டி, கண்ணைக் குத்தும் மஞ்சள் ராப்ஸ் எண்ணெய்வித்து வயல்களுக்கு நடுவில் ஒரு புல்மேடு. முதல் நீதிமன்றம் அதுதான். கட்டடமே இல்லை. பழைய காலத்தில் நான்கு மரக்கட்டைகளைச் சதுரமாகப் போட்டு, ஊர்ப் பெரியவர்கள் அவற்றின் மேல் குந்தியிருந்து வழக்குக் கேட்டார்களாம். காற்றும் மழையும் பார்வையாளர்கள். தூக்குமரம் இருந்த மேடு கூப்பிடு தூரத்தில். எல்லாவற்றையும் பக்கத்திலேயே வைத்திருந்திருக்கிறார்கள், நம்மூர்ச் சந்தைபோல.

பதினொரு மணிக்கு இரண்டாவது. ஒரு சிறிய பட்டினத்தின் சதுக்கத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டுச் செங்கல் கட்டடம். நகரசபை, நீதிமன்றம், மறியல்சாலை மூன்றும் ஒரே கூரைக்குக் கீழ். அந்தக் காலத்தில் பொலிஸ் தலைவரும் நீதிபதியும் ஒரே ஆள்தான் என்று கிர்ஸ்டன் விளக்கினாள். பிடிப்பவரும் அவர், விசாரிப்பவரும் அவர், தீர்ப்புச் சொல்பவரும் அவர். பஸ்ஸே சிரித்தது. எனக்கும் ரவிக்கும் சிரிப்பு வரவில்லை. அவர்களுக்கு அது வரலாறு, எங்களுக்குச் செய்தி. இரண்டு வருடங்களுக்கு முன்னால் அரசாங்கம் சின்ன நீதிமன்றங்களையெல்லாம் மூடிப் பெரிய ஊர்களில் சேர்த்ததோடு இதுவும் போனது. இப்போது பல்வைத்தியர் இருக்கிறார். "வேதனை மட்டும் மாறேல்லை" என்றான் ரவி.

மூன்றாவது ஊரின் பெயரை எழுத மாட்டேன். நல்ல மனிதர்கள், சங்கடப்படுத்தக் கூடாது. வெள்ளையடித்த சிறிய மண்டபம். அங்கேயும் நீதிமன்றம் மூடியாயிற்று, சங்கம்தான் துடைத்துப் பராமரிக்கிறது. நாங்கள் வாங்குகளில் அமர்ந்ததும் பக்கத்து அறைக் கதவு திறந்து கறுப்பு அங்கியிலும் வெள்ளை விக்கிலும் ஒரு நெடிய கிழவர் வந்தார். ஓய்வுபெற்ற பால்பண்ணைக்காரராம், சங்கத்து நாடகங்களில் எப்போதும் நீதிபதி. என்னை நேராகப் பார்த்து அதட்டினார்: "பெயர்?"

எழுந்து நின்றேன். தொப்பியைக் கழற்றினேன். பெயர், தகப்பன் பெயர், பிறந்த ஊர், பிரிவு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஒப்புவித்து, கடவுச்சீட்டை இரண்டு கையாலும் நீட்டினேன். பிறகு, கேட்காமலே, குடியுரிமைப் பத்திரத்தையும்.

மண்டபம் கைதட்டியது. நான் நாடகத்துக்கு ஒத்துழைக்கிறேன் என்று நினைத்தார்கள். இருபத்துமூன்று வருடம் டென்மார்க்கில் இருந்தும், அங்கி போட்டவர் பெயர் கேட்டால் என் கை சோதனைச்சாவடிக்குப் போய்விடுகிறது. நானும் தலைகுனிந்து வணங்கி, நடிகன்போலச் சிரித்து வைத்தேன். பத்திரங்களைத் திருப்பி வாங்கி, எண்ணிப் பார்த்துத்தான் பைக்குள் வைத்தேன்.

அப்போதுதான் என் கைத்தொலைபேசி அடித்தது. வெளியே ஓடினேன்.

"அண்ணி கதைச்சவ" என்றாள் மனைவி. "முகாமிலை ஆரோ ஃபோன் குடுத்ததாம். பிள்ளையளும் அவவும் இருக்கினம்."

"அண்ணை?"

"ஓமந்தை ஆமிச் சோதனைச்சாவடி வரைக்கும் ஒண்டாத்தான் வந்தவையாம். அங்கை ஆம்பிளையளை வேறை வரிசைக்குக் கூப்பிட்டதாம். விசாரிச்சிட்டு விடுறம் எண்டு பஸ்ஸிலை ஏத்தினதாம். அவ்வளவுதான். ஆரைக் கேட்டாலும் தெரியாதாம்."

"எந்த பஸ்? எங்கை போனது?"

"தெரிஞ்சால் சொல்ல மாட்டனோப்பா?" அவள் அழத் தொடங்கினாள்.

அண்ணை கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர். நிறுவையில் சீனி கூடினால் ஒரு கரண்டி எடுப்பார், குறைந்தால் இரண்டு கரண்டி போடுவார். அவரை விசாரிக்க என்ன இருக்கிறது?

வாசலில் நிற்க முடியாமல் உள்ளே வந்து உட்கார்ந்தேன். கிர்ஸ்டன் ஒரு பழைய வழக்கத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள். மாடோ ஆடோ காணாமல் போனால் சொந்தக்காரன் மன்றத்துக்கு வந்து, எழுந்து நின்று, அடையாளங்களை உரத்துச் சொல்வான். கண்டவன் ஒளித்து வைத்தால் கள்ளன். ஒரு கூட்டத்தில் பதில் வராவிட்டால் அடுத்ததில், அதற்கும் அடுத்ததில், மூன்று தடவை அறிவிக்கலாம்.

"இன்று யாருக்காவது ஏதாவது தொலைந்ததா?" என்று அங்கிக்காரர் கேட்டார்.

ஒரு மூதாட்டி எழுந்து, போன சுற்றுலாவில் விட்ட நீலக் குடையை அறிவித்தாள். சிரிப்பு. இன்னொருவர் தன் முதல் மனைவியை அறிவித்து, யாரும் திருப்பித் தர வேண்டாம் என்றார். பெரிய சிரிப்பு.

நான் எழுந்தேன். யாரும் தள்ளவில்லை. ரவி என் சட்டையைப் பிடித்து இழுத்தான். "அத்தான், இருங்கோ."

"என் அண்ணன்" என்றேன் டெனிஷில். "ஐம்பத்துநான்கு வயது. இடது காலைக் கொஞ்சம் இழுத்து நடப்பார். கண்ணாடி போடுவார், ஒரு பக்கத்துக் காது நூலால் கட்டியது. ஏப்ரலில் ஓமந்தை என்ற இடத்தில் ஒரு பஸ்ஸில் ஏற்றினார்கள். கண்டவர்கள் சொல்ல வேண்டும்."

கிர்ஸ்டனுக்கு என் அண்ணனைத் தெரியும், வேலிக்கு மேலால் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அவள் கையை வாயில் வைத்தாள். மற்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். குடைக்காரி தலையைக் குனிந்தாள். பதில் இல்லை. இருந்திருந்தால் அல்லவோ ஆச்சரியம்? ஆனாலும் நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக் காத்திருந்தேன் என்பதைச் சொல்ல வேண்டும். என் முட்டாள்தனத்தில் அது ஓர் உச்சம்.

"பதில் வரவில்லை" என்றேன். "அடுத்த கூட்டம் எப்போது?"

அங்கிக்காரர் தன் விக்கைக் கழற்றி மடியில் வைத்தார். விக் இல்லாமல் அவர் வெறும் பால்காரர், கன்னங்கள் சிவந்து போயிருந்தன. "இங்கே இனிக் கூட்டம் இல்லை" என்றார் மெல்ல. "என்னை மன்னிக்க வேண்டும்."

காப்பியும் கேக்கும் வந்தன. அவர்கள் கெட்டவர்கள் இல்லை. எனக்கு இரண்டு துண்டு வைத்தார்கள்.

பஸ் நான்கு மணிக்குக் கிளம்பியது. கிர்ஸ்டன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஒரு மாடு தொலைந்தாலும் நின்று சொல்ல ஓரிடம் வைத்திருந்தவர்களின் நாடு இது. என் நாட்டிலும் நீதிமன்றங்கள் இருக்கின்றன, தூண்கள் வைத்த பெரிய கட்டடங்கள். எந்தப் படியில் ஏறி நின்று அண்ணையின் காலையும் கண்ணாடியையும் சொல்வது என்று யோசித்துப் பார்த்தேன். அண்ணி அங்கே முள்வேலிக்குள் நின்று இதையேதான் யோசித்துக்கொண்டிருப்பாள்.

மனைவி திரும்பத் தொலைபேசி எடுத்தாள். "ஆரிட்டையாவது சொன்னனீங்களோ?"

"ஓம். கோட்ஸிலை சொல்லிப்போட்டு வாறன்."

"கோட்ஸிலையோ?" அவள் குரல் எழும்பியது. "என்னவாம்? பாக்கிறம் எண்டவையோ?"

என்னுடைய வாய்க்கு எப்போதும் ஒரு பதில் இருக்கும். "மூண்டு தரம் அறிவிக்கலாமாம்" என்றேன். "இது முதலாவது."